நீ என் வாரிசு இல்லையாம்

பாண்டி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்பது எனக்கு இப்போது தெரியும். ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கிறாய். போன மாதத்திலிருந்து உனக்கு ஷிப்டு மாறியிருக்கிறது. உன் மகளுக்கு அம்மை போட்டு, தண்ணீர் ஊற்றி, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இத்தனையும் எனக்குத் தெரியவந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்கு முன்னால், என் வயிற்றில் பிறந்த பிள்ளை எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்பதுகூட எனக்குத் தெரியாது. அதை எனக்கு உறைக்க வைத்தவர் காரைக்குடியில் பத்திரம் எழுதுகிற ஒரு மனிதர்.

உயில் எழுதப் போயிருந்தேன். பதறாதே, எனக்கு ஒன்றும் இல்லை. முட்டிவலி, சர்க்கரை, இந்த வயதில் எல்லா வீட்டிலும் இருக்கிற சாமான்கள்தான். உன் தங்கை நசீமா கூட வந்திருந்தாள். "யாருக்கு எழுதுறீக? பேரு, தகப்பனார் பேரு, வயசு, கதவு நம்பர் சொல்லுங்க" என்று அவர் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். உன் அப்பா பெயரைச் சொன்னேன். முப்பத்தேழு என்றேன், அதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. கதவு நம்பரில் நின்றுவிட்டேன். "பெத்த மகன் அட்ரஸ் தெரியாதாம்மா?" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, எழுதுகிற வேலையில் கேட்டார். அப்போது நசீமா, செல்போனைக்கூட எடுக்காமல், கதவு நம்பர், தெரு, பின்கோடு வரைக்கும் பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த ஃபேனைப் பார்த்தாள். "மூணு வருசமா அண்ணன்கிட்டப் பேசிக்கிட்டுத்தான்மா இருக்கேன்" என்றாள்.

டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளை விட்டுவிட்டு முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். கோபம் என்று அவள் நினைத்திருப்பாள். கோபம் இல்லையடா, பொறாமை. என் மகள் மேலேயே எனக்குப் பொறாமை. அவள் உன் குரலைக் கேட்டிருக்கிறாள், நீ அவளைப் பாப்பா என்று கூப்பிட்டிருக்கிறாய், நீ சாப்பிட்டாயா என்று கேட்கிற பாக்கியம் அவளுக்கு வாய்த்திருக்கிறது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். "அண்ணன் சொல்ல வேண்டாம்னுச்சு. ஆனா நீங்க எப்படி இருக்கீகன்னு கேக்காம ஒரு தடவகூட போனை வச்சதில்ல" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் தைரியம் வந்தது. இல்லாவிட்டால் இருபது வருடமாக எழுதாதவள் இப்போது எழுதுவேனா?

இருபது வருடம் கழித்து எழுதுகிறவள் சொத்தைப் பற்றியா பேசுவாள் என்று உனக்குத் தோன்றும். என்ன செய்ய? சொத்தைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில்தான் உன்னைப் பற்றி எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. இரண்டும் என் தலையில் இடி மாதிரி இறங்கின. ஒன்றை முதலில் சொல்கிறேன். நீ என் வாரிசு இல்லையாம்.

பத்திரம் எழுதப் போவதற்கு ஒரு வாரம் முன்பு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போயிருந்தேன். புதிதாக வந்தவர், உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். என்னிடம் இருப்பது கழனிவாசல் பக்கம் இரண்டரை சென்ட்டில் ஒரு வீடு. மனை என் பெயரில் வாங்கியது. கட்டியது நசீமாவைப் பெற்ற அத்தா கோயில் சுற்றிய காசிலும், நான் ஆச்சிமார் வீட்டுக் கல்யாணங்களுக்கு ரவிக்கை தைத்த காசிலும். (கோயில் என்றால் நீ நினைக்கிற கோயில் இல்லை, மோட்டார் காயில். இந்த ஊரில் காயில் கட்டுகிறவரை எல்லோரும் இப்படித்தான் கேலி செய்வார்கள்.) அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. எனக்குப் பிறகு வீடு இரண்டு பிள்ளைகளுக்கும் போக வேண்டும், முறைப்படி எப்படி என்று சொல்லுங்கள் என்று கேட்டேன். "மகனுக்கு ரெண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்குதானே?" என்று எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். அவர் மெதுவாக, "மகன் தீன்ல, நம்ம மார்க்கத்துல இருக்காராம்மா?" என்றார். "இல்ல. அவன் அவுக அப்பன் வீட்டுச் சாமியக் கும்பிடுறான்" என்றேன். "அப்ப அவரு உங்களுக்கு வாரிசு ஆக மாட்டாரும்மா. வீடு முழுக்க உங்க மகளுக்குத்தான் போகும்" என்றார்.

என் வாய் உனக்குத் தெரியும். பிடித்துக்கொண்டேன். "பத்து மாசம் சொமந்தது நான். வலி எடுத்தப்ப இது எந்த மதத்துப் பிள்ளைன்னு அந்த வலி கேட்டுக்கிட்டா வந்துச்சு? அவன் என் மகன் இல்லேன்னு சொல்ல நீங்க யாரு?" என்று வாசலில் செருப்பு விடுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன். அந்த ஹஜ்ரத் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டது. ஆளை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னது. டீ வந்த பிறகு, "வஞ்சு முடிச்சிட்டீகளாம்மா? இப்ப மிச்சத்தையும் கேளுங்க" என்றது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மிச்சம் இதுதான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மகன் இல்லேன்னு நான் சொல்லலம்மா. வாரிசு இல்லேன்னுதான் சொன்னேன். வாரிசுக்கு உள்ள பங்கு அல்லாஹ் வச்சது. அதை நீங்க கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது, அதனால வாரிசுக்கு உயில் எழுதுறது நம்ம மார்க்கத்துல இல்ல. ஆனா வாரிசு இல்லாதவுகளுக்கு நீங்க எழுதலாம். மூணுல ஒரு பங்கு வரைக்கும் யாரையும் கேக்க வேண்டாம். அவரு எந்த மதத்துல இருந்தாலும் சரி. அதுக்கு வஸிய்யத்துன்னு பேரு. எழுதாம விட்டீகன்னா உங்க மகனுக்கு ஒரு செங்கல்லும் போகாது. அதனால எழுதுங்க, தள்ளிப் போடாதீக."

வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். தைக்க ஓடவில்லை. யோசிக்க யோசிக்க எனக்கு அது வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. நசீமாவுக்கு வருவது நான் கொடுப்பது இல்லை. நான் வாயைத் திறக்காமல் செத்துப்போனாலும் அவளுக்கு அது வந்துவிடும். அவள் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போனாலும் வந்துவிடும். உனக்கு அப்படி இல்லை. நான் நினைத்தால்தான் உண்டு. நான் எழுந்து போய், இவன் என் மகன், இவனுக்கு இது என்று நாலு பேர் முன்னால் சொன்னால்தான் உண்டு. அவளுக்கு அல்லாஹ் கொடுக்கிறான், உனக்கு நான் கொடுக்கிறேன். பெற்றவளாக உனக்கு எதையும் என் கையால் எடுத்துக் கொடுத்து இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. இந்தச் சட்டம் உன்னை வெளியே நிறுத்தியதும் உண்மை, உன்னைக் கூப்பிட்டுக் கொடு என்று என்னை எழுப்பிவிட்டதும் உண்மை. இரண்டும் சேர்ந்துதான் என்னைப் பத்திர ஆபீஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று.

இப்போது இரண்டாவதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பழையதைக் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது. உன் அப்பா போனபோது உனக்கு ஆறு வயது. காளையார்கோவில் பக்கத்தில் நம் வயலும் கிணறும் உனக்கு ஞாபகம் இருக்கும், இப்போது அது உன்னுடையதுதானே. வருடத்துக்கு இரண்டு தடவையாவது அந்தக் கிணற்று மோட்டார் எரிந்துபோகும். அதை பஸ்ஸில் ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டி எடுத்து வருவது உன் அப்பாவுக்குப் பிறகு என் வேலை ஆயிற்று. அப்படித்தான் காயில் கடையில் இருந்த நசீமாவின் அத்தாவைத் தெரியும். அவர் என்னிடம் அநாவசியமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தடவை, "இவ்வளவு கனத்த நீங்க ஏம்மா தூக்கிக்கிட்டு வாரீக, ஒரு போன் போட்டா நான் வந்து எடுத்துக்கிட்டுப் போக மாட்டேனா?" என்றார். அதுவரை அந்த ஐந்து வருடத்தில், இது கனமாக இருக்குமே என்று என்னைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஆசைப்பட்டேன். அதை இன்றைக்கு உன்னிடம் மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

கலிமா சொல்லி மதம் மாறியதும் நிக்காஹ்வுக்காகத்தான். ஏதோ வெளிச்சம் வந்து மனம் மாறினேன் என்று சொன்னால் அது பொய். முதல் இரண்டு வருடம் தொழுகையில் வாய் அரபியை முணுமுணுக்கும், மனசு காளீஸ்வரர் கோயில் தேர் ஓடுகிற தெருவில் நிற்கும். பிறகு எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, நோன்பு ஒன்றில், பசியில் உட்கார்ந்திருந்தபோது, கேட்க வேண்டியதை எல்லாம் ஒருத்தனிடம் நேரே கேட்டுவிடலாம் என்கிற நிம்மதி எனக்குப் பிடித்துப்போயிற்று. அதிலிருந்து நான் வேஷம் போடவில்லை. நீ எனக்காக வருத்தப்பட வேண்டிய இடம் அது இல்லை.

வருத்தப்பட வேண்டிய இடம் வேறு. உன்னையும் என்னோடு கூட்டிக்கொண்டு வருவதாகத்தான் பேச்சு. அவரும் அதற்குச் சம்மதித்திருந்தார், உனக்குப் பள்ளிக்கூடம்கூட விசாரித்து வைத்திருந்தார். அப்போது உன் சித்தப்பா வந்து உட்கார்ந்து சொன்னார். "மதினி, நீங்க போறத நான் தடுக்கல. ஆனா பயலைக் கூட்டிக்கிட்டுப் போனீகன்னா, நாளைக்கு அவனும் அங்குட்டு மாறிருவான். மாறுனவனுக்கு அப்பன் சொத்துல பங்கு கெடையாது, சட்டம் அப்படி. அண்ணன் வயலு அண்ணன் மகனுக்கு நிக்கணும்னா, பய இங்குட்டே இருக்கட்டும்." அவரோடு வந்திருந்த இரண்டு பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் நம்பினேன். என் பங்கையும் உன் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். நீதான் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தாய். அழவில்லை, கேட்கவில்லை. பஸ் வந்ததும் நீயே முன்னால் போய், "காரைக்குடி ஒண்ணு" என்று கண்டக்டரிடம் சொன்னாய். பதினோரு வயதுப் பிள்ளை. அந்த ஒண்ணு இருக்கிறதே, அதை நான் தினமும் கேட்கிறேன் பாண்டி.

நான் உன்னை விட்டுவிட்டு ஒரு ஆளோடு போனேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். ஊரும் அப்படித்தான் பேசியிருக்கும். பாதி அது உண்மைதான். மறு பாதி, உன் அப்பாவின் வயல் உனக்குத் தவறிவிடக் கூடாது என்று உன்னை அங்கே நட்டுவிட்டு வந்தேன். இத்தனை வருடமும் இரவும் பகலும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் அது ஒன்றுதான். பிள்ளை இல்லாவிட்டாலும் பிள்ளைக்கு நிலம் நின்றதே என்று.

பத்திர ஆபீஸில் அது உடைந்தது. உன் முகவரியை எழுதி முடித்ததும் அந்த மனிதர் சும்மா பேச்சுக்கு, "மகனுக்கு அப்பா வழியில ஏதும் இருக்கா?" என்றார். நான் பெருமையாக, "இருக்கு. நான் அவனை விட்டுட்டு வந்ததாலதான் அது அவனுக்குத் தப்புச்சு" என்று கதையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யாரும்மா உங்களுக்கு இப்படிச் சொன்னது? அவுக அப்பா செத்த அன்னைக்கே அது பிள்ளைக்கு வந்துருச்சே. வந்த சொத்து, பிள்ளை பின்னால எந்த மதத்துல வளந்தாலும் திரும்பிப் போகாது. நீங்க கூட்டிக்கிட்டு வந்திருந்தாலும் அது அவருதுதான்" என்றார். நான் நம்பவில்லை. சிவகங்கை கோர்ட்டில் ஒரு வக்கீலம்மாவிடம் போய்க் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். ஒரு வார்த்தை, அன்றைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறியிருப்பேன். மோட்டார் எரிந்தால் ஊர் விட்டு ஊர் தூக்கிக்கொண்டு ஓடத் தெரிந்தவளுக்கு, பிள்ளை விஷயத்தில் விசாரிக்கத் தெரியவில்லை. கோர்ட் வாசலில் இளநீர் விற்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் காசு வாங்காமல் ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

சித்தப்பா தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பதை நான் தோண்டப் போவதில்லை. நீயும் தோண்டாதே. அவர் உனக்குச் சோறு போட்டவர், படிக்க வைத்தவர், வயலில் ஒரு வரப்பைக்கூடத் தன் பக்கம் தள்ளாமல் உன்னிடம் ஒப்படைத்தவர். அவரும் யாரோ சொன்னதை நம்பியிருக்கலாம். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றே ஒன்றுதான். சட்டம் அப்படி என்று யாராவது சொன்னால், எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்று கேள். மரியாதைக் குறைவு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு உட்காராதே. ஹஜ்ரத் சொன்னாலும் கேள், அண்ணன் தம்பி சொன்னாலும் கேள், அம்மா சொன்னாலும் கேள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டதில் நான் தொலைத்தது போதும்.

இன்னொரு தப்பும் இருக்கிறது. அது எனக்கும் உனக்கும் மட்டும் தெரிந்தது. நீ பிளஸ் டூ படிக்கும்போது காளையார்கோவிலுக்கு வந்தேனே. வரும்போது புர்காவோடுதான் பஸ் ஏறினேன். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்தால் உனக்குத் தலைகுனிவாகிவிடும் என்று, பஸ் ஸ்டாண்டில் அதைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்து, கடையில் ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கி ஒன்றை எடுத்து ஒட்டிக்கொண்டு வந்து நின்றேன். நீ பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாய். நான் தைத்துக்கொண்டு வந்திருந்த சட்டையைக்கூடப் பார்க்கவில்லை, என் நெற்றியைத்தான் பார்த்தாய். "எதுக்கும்மா இந்த வேசம்? எப்படி இருக்கியோ அப்படியே வர வேண்டியதுதானே?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். இவன் என்னை வெறுக்கிறான் என்று எடுத்துக்கொண்டு நான் அன்றைக்குத் திரும்பியவள், அதற்குப் பிறகு வரவே இல்லை. இப்போதுதான், நசீமா சொன்னதற்குப் பிறகுதான், அதைத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நீ சொன்னது வெறுப்பு இல்லையே. எப்படி இருக்கியோ அப்படியே வா என்றல்லவா சொன்னாய்? உன்னைப் பார்த்து வெட்கப்பட்டவள் நான். என்னைப் பார்த்து நீ வெட்கப்படவில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்று எத்தனை தடவை உன்னை நினைத்துச் சொல்லியிருப்பேன்! மன்னித்துக்கொள் ஐயா.

நான் போகும்போது நீ வர வேண்டும், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னைக் குளிப்பாட்டுவது பெண்கள் செய்வார்கள், அதில் உனக்கு வேலை இல்லை. என்னை வைத்து சந்தூக் பெட்டி தூக்கும்போது நீ தோள் கொடுக்கலாம், கபருஸ்தானில் என் குழியில் மூன்று கை மண் போடலாம். ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டேன், "வரட்டும்மா, அவரு உங்க மகன்தானே" என்றார். வேறு யாராவது மூஞ்சியைச் சுளித்தால் நீ சுளித்துக்கொண்டு திரும்பிப் போய்விடாதே. உன் ஊரில் உன் சொந்தங்கள், அங்கே என்ன உனக்கு வேலை என்று கேட்டாலும் நின்றுவிடாதே. இரண்டு பக்கமும் பேசுவார்கள். அவர்களில் ஒருத்தரும் உன்னைப் பெறவில்லை.

சரி, உயிலுக்கு வருகிறேன். எழுதி முடித்தாயிற்று, இன்னும் நான் கையெழுத்துப் போடவில்லை. போடாததற்குக் காரணம் உன் தங்கை. எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டு, "அதென்ன மூணுல ஒண்ணு? பாதி எழுதுங்க" என்றாள். அதற்கு மேல் என்றால் வாரிசு சம்மதிக்க வேண்டும், அந்தச் சம்மதமும் நான் செத்த பிறகு சொன்னால்தான் செல்லும், இப்போது அவள் சொல்வது அவளுடைய நல்ல மனசு, அவ்வளவுதான் என்று ஹஜ்ரத் அவளுக்கு விளக்கினார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாத்துக்கும் அம்மா மவுத்தாகணுமா? உசுரோட இருக்கும்போதே அண்ணனுக்குக் குடுக்க ஒரு வழியும் இல்லையா?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "அதை நீங்க கேக்கவே இல்லையே. இருக்கு" என்றார்.

அதற்கு ஹிபா என்று பெயர். நாம் செட்டில்மென்ட் என்கிறோமே, அது மாதிரி. உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவது. அதில் மூன்றில் ஒன்று என்கிற கணக்கு இல்லை, மதம் இல்லை. பாதி வீட்டைப் பிரிக்காமல் கொடுத்தால் சிக்கல் வரும் என்றார், அதனால் மாடி முழுக்க உனக்கு. மாடிக்கு வெளியிலிருந்தே தனிப் படி இருக்கிறது, தனி வாசல், தனி மீட்டர். நசீமாவிடம் கேட்டேன், "அண்ணன் மேல, நாம கீழ" என்று கணக்கை ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். "மூணு காரியம் நடக்கணும்மா" என்றார் ஹஜ்ரத். "குடுத்தேன்னு நீங்க சொல்லணும். வாங்கிக்கிட்டேன்னு அவரு சொல்லணும். அப்புறம் பொருளு அவரு கைக்குப் போகணும். வீடுன்னா நீங்க வெளிய வரணும், அவரு உள்ள போகணும். அது நடக்காட்டி ஹிபா இல்ல." நான், "பத்திரத்தை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டா ஆகாதா?" என்று கேட்டேன். உன்னைச் சிரமப்படுத்த வேண்டாமே என்றுதான் கேட்டேன். "வீட்டை எப்படிம்மா தபால்ல அனுப்புறது? வந்து நுழையணும்ல" என்றார்.

போன வெள்ளிக்கிழமை தையல் மெஷினைக் கீழே இறக்கிவிட்டோம். துணி மூட்டை, நசீமா அத்தாவின் காயில் சுற்றுகிற சாமான்கள், பழைய கட்டில் எல்லாம் கீழே வந்துவிட்டன. இப்போது மேலே ஒன்றும் இல்லை, கூட்டித் துடைத்துக் கிடக்கிறது. நீ அங்கே குடியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாடகைக்கு விடு, பூட்டிப் போடு, உன் இஷ்டம். உன் சாமி படத்தை மாட்டினாலும் அது உன் வீடு, நான் ஒன்றும் கேட்க முடியாது. இனி நீ கூப்பிட்டால் தவிர அந்தப் படியில் நான் கால் வைக்க மாட்டேன். முட்டிவலிக்காரி இதைச் சொல்வது பெரிய தியாகம் இல்லைதான், சிரித்துக்கொள்.

மருமகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. காரைக்குடிக்கு எத்தனை டிக்கெட் என்பதை நீயே கண்டக்டரிடம் சொல். உயில் செல்ல வேண்டுமென்றால் நான் சாக வேண்டும், ஹிபா செல்ல வேண்டுமென்றால் நீ வர வேண்டும். இரண்டில் எது முந்துமோ எனக்குத் தெரியாது. எனக்கு எது வேண்டும் என்பது உனக்குத் தெரியும். மூன்று காரியத்தில் என்னுடையது ஒன்றுதான். அதை இந்தத் தாளிலேயே முடித்துவிடுகிறேன், நசீமா பக்கத்தில் இருந்து பார்க்கிறாள்.

கொடுத்தேன், பாண்டி.

அம்மா